அலுமாரி மூலையில் இருப்பவர்

இராஜலிங்கம் முழங்காலிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வலது காதை ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரின் இரும்பு மூடி மேல் வைத்தார். பெட்டி இயங்கிக்கொண்டிருந்தது. முகப்பில் நீல எழுத்துகள் எரிந்தன. ஆனால் அதில் பாட்டும் இல்லை, படமும் இல்லை. சும்மா விழித்திருந்த அந்தப் பெட்டியை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டுகஸ்தோட்டை வீதியில் உள்ள அந்தப் பழைய ஜப்பான் சாமான் கடைக்கு ரைஸ் குக்கர் பார்க்க வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும், இந்த மனிதர் கும்பிடுகிறாரா, நாடி பார்க்கிறாரா என்று விளங்காமல் ஓரடி தள்ளியே நின்றார்கள்.

"பாட்டொண்டு போடவா, ஐயா?" என்று, எல்லோரும் 'நானா' என அண்ணன் முறை சொல்லி அழைக்கும் கடைக்காரர் ஹுஸைன் கேட்டார்.

"வேணாங்க நானா. சும்மா இருக்கறப்ப எப்படி இருக்குன்னு பாக்கணும்."

ஹுஸைன் தாடியைத் தடவிக்கொண்டார். "மத்த ஆக்கள் வந்தா சத்தத்தக் கூட்டிப் போடச் செல்லுவாங்க. சத்தம் இல்லாததக் கேட்டு சாமான் வாங்க வந்த ஆள நான் இப்பதான் காணுற."

இராஜலிங்கத்துக்கு அது கிண்டலாகப் படவில்லை. அவருடைய பிழைப்பே அதுதான். மாநகர சபையின் தண்ணீர்ப் பிரிவில் அவருக்குக் கசிவு பார்க்கும் வேலை. தெருவுக்கு அடியில் குழாய் எந்த இடத்தில் வெடித்திருக்கிறது என்று தோண்டாமல் சொல்ல வேண்டும். அதற்கு அவரிடம் ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்று இருக்கிறது. ஒரு முனையை வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையில் உள்ள மரக் குமிழில் காதைப் பொருத்திக்கொள்வார். பேருந்துகள் இரையத் தொடங்குமுன், விடியற்காலைப் பனிக்குள், கண்டித் தெருக்களில் கம்பியோடு தலை சாய்த்து நிற்கும் அவரைப் பார்த்துப் பயந்து ஓடிய பால்காரர்களும் உண்டு. சின்னக் கசிவு சீறும் என்பார் இராஜலிங்கம். பெரிய கசிவு முனகும். சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய, ஒடுங்கிய ஒழுங்கையில் மட்டும் தண்ணீர் சீறுவதுமில்லை, முனகுவதுமில்லை. பூட்டிய அறைக்குள் நாலைந்து பேர் தணிந்த குரலில் பேசுவதைப் போல அது பேசும். முதல் தடவை அதைக் கேட்டபோது, தன்னை அறியாமல் "யாரு?" என்று கம்பியிடமே கேட்டுவிட்டார். பேச்சு நின்றது போல இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் அவர் அதிக நேரம் நிற்பதில்லை.

இப்படிக் காதையே நம்பிப் பிழைத்தவருக்குச் சத்தம் என்றால் சத்துரு. பஸ்ஸில் ஏறினால் இரண்டு காதிலும் பஞ்சு. வீட்டில் கதவைச் சாத்தினால் தாழ்ப்பாளைக் கையால் பிடித்து மெல்ல இறக்குவார். தேநீர்க் கோப்பையில் கரண்டி படாமல் சீனி கலக்க அவரால் முடியும். வெறுங்காலோடு அவர் வீட்டுக்குள் நடந்தால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. பேச்சும் அப்படியே. தேவைக்கு ஒரு வார்த்தை, அதுவும் பாதி. "நம்ம பைப் டொக்டர் வாயையும் இறுக்கி வச்சிருக்காரு, கசிஞ்சிறக் கூடாதுன்னு" என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் கேட்காது.

அப்பேர்ப்பட்டவர் சத்தம் போடும் பெட்டியைத் தேடி ஏன் அலைகிறார்? அங்கேதான் அவர் மனைவி இராஜகுமாரி வருகிறாள்.

ஒரு காலத்தில் சுதுஹும்பொலவில் உள்ள அவர்களின் சின்ன வீட்டின் முழுச் சத்தமும் அவள்தான். முன்னறையில் தையல் மெஷின் தடதடக்கும். அதற்கு மேலாக அவள் குரல் ஓடும். ப்ளவுஸ் தைக்க வருகிற பெண்களுக்கு அளவு எடுத்துக்கொண்டே, போன வெள்ளிக்கிழமை பார்த்த படத்தின் கதையை முதல் காட்சியிலிருந்து சொல்லுவாள். வில்லன் கதவைத் திறக்கும் இடம் வந்தால் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விடுவாள். டவுனுக்கு வந்த எந்தத் தமிழ்ப் படத்தையும் அவள் தவற விட்டதில்லை. பக்கத்தில் பஞ்சு அடைத்த காதோடு இராஜலிங்கம் உட்கார்ந்திருப்பார். அவர் பார்த்தது படத்தை அல்ல. திரை வெளிச்சத்தில் அழுது சிரிக்கும் அந்த முகத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு முதலில் அவள் கால் விரலைத் தொட்டது. பிறகு கண்ணுக்கு வந்தது. இப்போது பகலா இரவா என்பது மட்டும் தெரியும். ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளைப் படலம், அவ்வளவுதான். மெஷினுக்கு உறை போட்டார்கள். அவள் உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்குக் கூட வெளியே வர மறுத்தாள். டீவியைப் போட்டால், "நிப்பாட்டுங்க. எங்கயோ ஒரு டப்பாக்குள்ள யாரோ பேசுறாங்க, எனக்கென்னத்துக்கு" என்பாள். கொழும்பில் கட்டிக்கொடுத்த மகள் துஷானி ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும், அம்மாவைத் தன்னிடம் கொண்டுவந்து விடும்படி சொன்னாள். அங்கே கவனிக்க மாமியார் இருக்கிறார், நாத்தனார் இருக்கிறார். இங்கே யார் இருக்கிறார்கள்? போன மாதம் இராஜகுமாரி அதற்கு மறுப்புச் சொல்லாமல் இருந்தாள். அந்த மௌனத்தைக் கேட்ட நாளிலிருந்து இராஜலிங்கத்தின் நெஞ்சுக்குள் ஒரு குழாய் சீறத் தொடங்கியது. அது எங்கே வெடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் அவரிடம் கம்பி இல்லை.

டப்பாக்குள் பேசினால்தானே பிடிக்கவில்லை? சுற்றிவரப் பேசினால்? முன்னால் வசனம், பின்னால் மழை, பக்கத்தில் காலடி என்று தியேட்டரையே வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டால், கட்டிலை விட்டு எழுந்து வர மாட்டாளா? அந்த ஒரு நினைப்பில்தான் அவர் கடை ஏறி இறங்கத் தொடங்கினார்.

டவுனில் கண்ணாடி போட்ட பெரிய கடையில், டீவிக்குக் கீழே வைக்கும் நீளக் கட்டை ஒன்றைக் காட்டி, சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும் என்றார்கள். அவர் காதை வைத்துப் பார்த்தார். எல்லாம் முன்னாலேயே நின்றது. இன்னொரு கடையில் பெரிய எண்கள் ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களோடு ஒரு முழு செட்டைக் காட்டினார்கள். ஒரு ஸ்பீக்கரை நகத்தால் தட்டினார். வெறும் பிஸ்கட் டின்னைப் போலக் குரல் வந்தது. கடைசியில் பல்லேகலவில் போன் திருத்தும் தங்கை மகன் பிரதீஸிடம் யோசனை கேட்டார். அவன் பொறுமையாகச் சொன்னான். "மாமா, வோட்ஸ் நம்பரப் பாத்து ஏமாறாதீங்க. ரிசீவரத் தனியா வாங்குங்க, ஸ்பீக்கரத் தனியா வாங்குங்க. அஞ்சு ஸ்பீக்கர் போதும், ஏழு வச்சா நீங்க நிக்க எடம் இருக்காது. டீவி வயர் குத்துற எடம் இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. ஜப்பான்ல இருந்து வர்ற பழசு எடுத்தா ஒங்க கைக்குள்ள அடங்கும். ஆனா அந்த ஊர் கரண்டு வேற. ட்ரான்ஸ்போமர் இல்லாமக் குத்துனீங்க, பொகதான்."

அப்படித்தான் ஹுஸைனின் கடைக்கு வந்தார். வந்தவர், அங்கே அடுக்கியிருந்த ரிசீவர்களை ஒவ்வொன்றாக இயக்கச் சொல்லி ஒவ்வொன்றின் மேலும் காதை வைத்தார். ஒன்று தேனீப் போல ரீங்கரித்தது. ஒன்று மெல்ல டிக் டிக் என்றது. சனிக்கிழமை தோறும் வந்தார். ஹுஸைன் கோபிக்கவில்லை. முன்பு சில வருடங்கள் ஜப்பானிலேயே பழைய சாமான் முற்றம் ஒன்றில் வேலை செய்தவர் அவர். வாடிக்கையாளர் என்றால் எத்தனை விதம் என்று அறிந்தவர்.

அன்றைக்குக் காது வைத்த கறுப்புப் பெட்டி ஊமையாக இருந்தது. ரீங்காரம் இல்லை, இரைச்சல் இல்லை. மூடியின் வெதுவெதுப்பு மட்டும் கன்னத்தில் பட்டது. தூங்குகிற ஆளின் நெற்றியில் காது வைத்தது போல இருந்தது அவருக்கு. "இதுதான்" என்று எழுந்தார்.

ஹுஸைன் அதைத் துடைத்துக்கொண்டே, செத்தவர்களின் வீட்டுச் சாமான் வரும் வழியைச் சொன்னார். "நல்ல சாமான், ஐயா. இதெல்லாம் மிச்சம் வாறது மௌத்தாகின ஆக்கள்ட ஊட்டால. தனிய ஈந்து மௌத்தாகுவாங்க. புள்ளைகள் வந்து எடுக்க மாட்டாங்க. ஊட்டக் காலி பண்ணுற ஆக்கள் அப்பிடியே கழட்டிக் கொணந்து கொட்டுவாங்க." பிறகு ரிமோட்டைக் கையில் எடுத்தார். "உள்ளுக்கு அந்தப் பழைய ஊட்டுக்குச் செஞ்ச செட்டிங் ஈக்கும். அழிச்சித் தரவா?"

இராஜலிங்கம் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். தண்ணீர்ப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. பழைய வால்வு கசியாமல் இருந்தால், சரி பார்க்கிறேன் என்று அதைத் திருகிவிடக் கூடாது. திருகினால், அதுவரை ஒழுங்காக இருந்தது அழத் தொடங்கும். அதை அவர் வாழ்நாள் முழுதும் எல்லாவற்றுக்கும் கடைப்பிடித்தவர்.

"வேணாம் நானா. அமைதியா இருக்கு. இருக்கற மாதிரியே குடுங்க."

பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று பிரதீஸ் ட்ரான்ஸ்போமர் ஒன்றோடு வந்து ஸ்பீக்கர்களைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனான். முன்னால் மூன்று. பின்னால் இடப்பக்கம் ஜன்னல் விளிம்பில் ஒன்று, வலப்பக்கம் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒன்று. நடுவில் இராஜகுமாரி உட்காரக் கை வைத்த கதிரை. ஹந்தானை மலையிலிருந்து பனி இறங்கி ஜன்னலை மூடிக்கொண்டிருந்த பிற்பகல் அது. உள்ளறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, ஒரு பழைய குடும்பப் படத்தைப் போட்டார் இராஜலிங்கம். படத்தில் ஒரு பெண் வாசலில் நின்று யாருக்கோ காத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாருங்க வந்திருக்கா?"

"யாரும் இல்ல குமாரி. படம்."

கட்டில் கிறீச்சிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு, சுவரைத் தடவிக்கொண்டு, தானாக, இராஜகுமாரி அறை வாசலுக்கு வந்தாள். இராஜலிங்கத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனால் அவள் முகம் டீவிப் பக்கம் இல்லை. வலப்பக்கமாய், பின்னால், அலுமாரி மூலையை நோக்கி இருந்தது.

"படத்துல பேசுறவங்க முன்னால இருக்காங்க" என்றாள் மெதுவாக. "நான் கேக்கறது அங்கன உக்காந்திருக்கறவர. பேச மாட்டேங்கறாரே."

இராஜலிங்கத்துக்கும் கேட்டது. துணி உரசும் சத்தம். யாரோ ஒரு காலைச் சற்று இழுத்து வைத்தது. அடக்கிக்கொண்ட ஒரு செருமல். எல்லாம் அலுமாரிக்குப் பக்கத்திலிருந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில். அவர் படத்தை நிறுத்தினார். எல்லாம் நின்றது. ஆனால் ஆள் இல்லாத இடத்தின் அமைதி ஒன்று, ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும் இடத்தின் அமைதி வேறொன்று. அந்த வித்தியாசம் அவருக்குத் தொழில். அந்த மூலையில் இருந்தது இரண்டாவது.

"ஏன் நிப்பாட்டுனீங்க?" என்றாள் இராஜகுமாரி. கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். "போடுங்க. அவரும் பாக்கட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அவள் வெளியே வந்தாள். வருவதற்கு முன் தலை வாரிக்கொண்டாள். பொட்டு வைத்துக்கொண்டாள். கதிரையில் உட்காருமுன் சேலையை இழுத்துச் சரி செய்தாள், வீட்டில் அந்நிய ஆள் இருக்கும்போது பெண்கள் செய்வது போல. படத்தில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் சிரித்தாள். சிரித்துவிட்டு, 'கேட்டீங்களா' என்பது போல முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். துஷானி கூப்பிட்டபோது, இப்போதைக்கு வரவில்லை என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை கோயிலுக்கு வேண்டுமானாலும் நேர்த்தி வைத்திருப்பார் இராஜலிங்கம். கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்கு ஏன் வயிறு எரிய வேண்டும்?

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்த மூலையைச் சோதித்தார். அலுமாரிக் கதவைக்கூடத் திறந்து பார்த்தார். அவளுடைய கல்யாணச் சேலையும் கற்பூர வாசனையும்தான் இருந்தன. ஸ்பீக்கரின் துணி மேல் காதை வைத்தார். ஒன்றுமில்லை. எத்தனையோ தெருக்களின் அடிவயிற்றைக் கேட்ட காதுக்கு, இந்த ஒன்றுமில்லாதது பிடிக்கவில்லை.

"அவரு பாவங்க" என்று ஒரு நாள் சோறு பிசைந்துகொண்டே இராஜகுமாரி சொன்னாள். "தனி ஆளு போல. நல்லாச் சாஞ்சு, கிட்ட வந்து கேக்கறாரு. ஒரு பக்கம் காது கேக்காதோ என்னமோ."

அவர் தண்ணீர்க் கோப்பையை ஓசையில்லாமல் அவள் கைப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதற்கடுத்த வாரம் அது நடந்தது. பனி அன்றைக்கு வாசல் வரை வந்துவிட்டிருந்தது. இராஜலிங்கம் வழக்கம் போலச் சமையல் செய்யும் குசினி வாசலில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் போன நாளிலிருந்து அவருடைய இடம் அதுதான். அவளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது, அதே சமயம் கண்ணை விட்டும் எடுக்கக் கூடாது என்று, மூச்சுக்கூடக் கேட்காமல் அங்கே நிற்பார். இராஜகுமாரி தோளைக் குறுக்கிக்கொண்டாள். பிறகு, பல வருடங்களாக அவர் கேட்டிராத ஒரு குழைவோடு கேட்டாள்.

"குளிருதா? கதவச் சாத்தட்டுமா?"

தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவர் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவள் முகம் எங்கே திரும்பியிருக்கிறது என்று கண்டார். திறந்த வாயை மூடிக்கொண்டார். வந்த சுவடு தெரியாமல் பின்னால் நகர்ந்து, குசினிச் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அழுகையும் யாருக்கும் கேட்கவில்லை.

மூலையிலிருந்து வரும் சத்தத்தைப் பற்றி இராஜலிங்கம் போய்ச் சொன்னதால், வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு ஹுஸைன் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கையில் சின்ன மைக் ஒன்று கொண்டுவந்திருந்தார். கால் செருப்பை வெளியே விட்டு, இராஜகுமாரிக்கு "சுகமா ஈக்கிறீங்களா, அக்கா?" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டால் டீவித் திரையில் ஜப்பான் எழுத்துகளை வரவழைத்தார். அவற்றில் பாதியை அவருக்கு வாசிக்கத் தெரியும். ஒரு சதுர அறையின் படம் வந்தது. நடுவில் ஒரு தலை. சுற்றிவர ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்கள்.

ஹுஸைன் திரையருகே குனிந்து ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது குடும்பமா ஈந்து பாத்த ஊடு இல்ல, ஐயா. ஒரே ஒரு கதிரைக்குச் செஞ்ச அளவு. அதுவும் நடுவுல இல்ல, வலப்பக்கம் ஒதுங்கி. பாருங்க, பின்னுக்கு வலது ஸ்பீக்கர் மட்டும் ஏலுமான அளவுக்குக் கூட்டி ஈக்கி. அந்த மனிசனுக்கு அந்தக் காது கேட்டில்ல போல. படத்துல பின்னுக்குப் போடுற சின்னச் சின்னச் சத்தம் எல்லாம் அதனாலதான் இந்த மூலைக்கு வந்து சேருது."

இராஜலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னது அதைத்தான். சாய்ந்து கேட்கிறார், தனி ஆள், ஒரு பக்கம் காது கேட்காது. பெட்டிக்குள் இருந்ததை அவள் பெட்டியைத் தொடாமலே சொல்லியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனிக்குள் எங்கோ ஒரு பஸ் இரைந்துகொண்டு மேட்டில் ஏறியது.

"நானா" என்றாள் இராஜகுமாரி. "அந்த மனுசன் பேரு அதுல இருக்கா?"

"பேர் ஒண்டும் இல்ல, அக்கா. கதிரை எங்க ஈந்திச்சி எண்டது மட்டும்தான் ஈக்கி." ஹுஸைன் மைக்கைக் காட்டினார், அவளுக்குத் தெரியாது என்பதை மறந்து. "இத ஒங்கட கதிரைல வெச்சி, ஒரு பட்டன அமத்தினா, மெஷின் இந்த ஊட்ட அளந்து எடுக்கும். பழைய ஊடு அழிஞ்சி போகும். செய்யவா?"

"உங்க இஷ்டம்" என்றாள் அவள். கணவன் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாததால் பொதுவாகச் சொன்னாள். பிறகு மடியில் இருந்த கைகளைப் பார்த்தபடி, பார்வையில்லாத அந்தப் பார்வையோடு, மெதுவாகப் பேசத் தொடங்கினாள்.

"எனக்குக் கிறுக்குன்னு நெனைக்காதீங்க. அது மிஷினுதான்னு எனக்குத் தெரியும். ஆனா, நீங்க இந்த வீட்ல இருக்கீங்களா இல்லையான்னே எனக்குத் தெரியறது இல்லைங்க. வர்றதும் கேக்கல, போறதும் கேக்கல. கண்ணு இருந்தப்பப் பாத்துக்குவேன். இப்ப கூப்புட்டாத்தான் இருக்கீங்க, கூப்புடாட்டி இல்ல. எத்தன தடவைதான் கூப்புடுறது? உள்ள போய் உக்காந்துக்கிட்டேன். இவரு ஒருத்தராவது பக்கத்துல இருக்காருன்னு தெரிஞ்சுச்சு. அவ்வளவுதான்."

ஹுஸைன் தலையைக் குனிந்துகொண்டார். அந்நியக் குடும்பத்தின் காயத்தைப் பார்த்துவிட்ட கூச்சம் அவர் முகத்தில் இருந்தது. இராஜலிங்கத்துக்கோ காலுக்குக் கீழே தெருவே உள்வாங்கியது போல ஆயிற்று. இத்தனை நாளும் அவர் அன்பு என்று நினைத்து அவளைச் சுற்றிக் கட்டியது எதை? தொந்தரவு கூடாது என்று ஓசையைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் தன்னையே துடைத்துவிட்டிருந்தார். உயிரோடு இருக்கிற அவர் இந்த வீட்டில் இல்லை. கடல் தாண்டி எங்கோ செத்துப்போன ஒருவர் இருக்கிறார்.

அவரிடமிருந்து வெளியே வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"அழிச்சிருங்க."

ஹுஸைன் கதிரையின் மேல் மைக்கை வைத்தார். இராஜகுமாரி எழுந்து அறை வாசலில் நின்றாள். மூவரும் அசையாமல் இருக்க, பெட்டி ஒவ்வொரு மூலையாக ஒலி எழுப்பியது. குருவி கத்துவது போல ஒன்று. மணல் கொட்டுவது போல ஒன்று. முன்னால், ஜன்னலோரம், கடைசியில் அலுமாரிப் பக்கம். அந்த மூலையில் ஒலி வந்தபோது இராஜகுமாரி கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் அவளுக்கு. இருந்தும் மூடினாள். திரையில் ஏதோ கேள்வி வந்தது. ஹுஸைன் பட்டனை அழுத்தினார்.

"முடிஞ்சி" என்றார். தேநீருக்கு நிற்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது இராஜலிங்கத்தின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

இராஜலிங்கம் படத்தைப் போட்டார். இராஜகுமாரி வந்து உட்கார்ந்தாள். இப்போது சத்தம் உண்மையிலேயே அழகாக இருந்தது. மழை அறை முழுதும் சமமாகப் பெய்தது. வசனம் நேராக வந்தது. பணக்கார வீட்டுத் தியேட்டரில் இருப்பது போல, எங்கும் எந்தக் குறையும் இல்லை. அலுமாரி மூலை வெறும் அலுமாரி மூலையாக இருந்தது.

அவள் வழக்கம் போல வலப்பக்கம் சாய்ந்தாள். காத்திருந்தாள். படத்தில் யாரோ வேடிக்கையாகப் பேசினார்கள். அவள் முகம் பாதி திரும்பி, அந்தரத்தில் நின்றது.

"போயிட்டாரா?" என்று கேட்டாள்.

குசினி வாசலில் நின்ற இராஜலிங்கம் தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான், அந்தத் தலையாட்டல் அவளுக்குப் போய்ச் சேராது என்று உறைத்தது. அதற்குள் அவள் கதிரையின் கையை ஊன்றி எழுந்துவிட்டாள். ஒரு கை சுவரைத் தேடியது. உள்ளறை வாசல் அவளுக்கு மிகவும் பழகிய திசை. அந்த வாசலுக்குள் அவள் போய்விட்டால், அடுத்த முறை துஷானி கூப்பிடும்போது என்ன பதில் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும்.

இராஜலிங்கம் வெளியே போய்த் தன் இறப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். சீமெந்துத் தரையில் ஒரு காலை நன்றாக இழுத்து இழுத்து, முன்னறையைக் குறுக்காகக் கடந்து, அலுமாரி மூலைக்குப் போனார். அங்கே இருந்த முக்காலியைத் தரை கீற இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடம்பைச் சாய்த்து, வலது காதை அவள் பக்கம் கொடுத்து, சுவரைத் தடவிய அவள் கை நிற்கும் வரை, செருமினார்.